ஆற்றோடு போனவரின் பாட்டு

சாலிஸ்பரி, வட கரோலினா
மார்ச் 8, 1964

அன்புள்ள ஓஸெல்லா அண்ணிக்கு,

சீஃபஸ் எழுதுகிறேன். நான் சுகம். இரத்த அழுத்தத்துக்காக டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். குறைத்துவிட்டேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? உங்கள் வீட்டுக்காரர் டீக்கன் ஐயாவும், மகள் வெர்னீஸும் அவள் வீட்டுக்காரரும் நலம்தானே? கிறிஸ்துமஸுக்குப் பிறகு நான் எழுதவில்லை. எழுதுவதற்கு ஒன்றும் நடக்கவில்லை. இப்போது ஒன்று நடந்திருக்கிறது.

போன வாரம் சலூனில் மோஸுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தபோது ஒரு வெள்ளைக்காரப் பையன் கதவைத் திறந்தான். கண்ணாடி, தாடி, கையில் சின்னப் பெட்டி. பெஞ்சில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மோஸ் நுரைக்குள்ளிருந்து, "வருமான வரிக்காரனா பாரு, சீஃபஸ். நான் செத்துட்டேன்னு சொல்லிடு" என்றான்.

பையன் பெயர் கெல்லர்மன். பாஸ்டன் பக்கத்திலிருந்து காரை ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறான். பெட்டி ஒரு கிராமஃபோன். அதில் ஒரு பழைய தட்டைப் போட்டான். அண்ணி, அண்ணன் 1927இல் அட்லாண்டா போய்ப் பாடிய தட்டு. கீறல் விழுந்திருந்தாலும் குரல் அப்படியே இருந்தது. மோஸ் பாதித் தாடையோடு எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

பையன் அண்ணனைத் தேடி வந்தவன். முப்பத்தொன்றாம் வருஷமே யாட்கின் ஆற்றோடு போய்விட்டார் என்று சொன்னேன். முகம் வாடிப்போயிற்று. பிறகு என்னை வாசிக்கச் சொல்லி நாடாவில் பதிவு செய்தான். நம் ஆட்களின் ப்ளூஸ் பாட்டுகளை வாசிக்கும்வரை கண்ணை மூடித் தலையாட்டினான். வெள்ளைக்காரர் வீட்டு நடனங்களுக்கு நாம் மூவரும் போகும்போது வாசிப்போமே, அந்த வால்ட்ஸையும், அம்மாவின் பழைய கதைப்பாட்டையும் ஆரம்பித்ததும் இயந்திரத்தை நிறுத்திவிட்டான். "இது வேற வகை, மிஸ்டர் டாலி. உங்களோடதைத்தான் கேக்கறேன்" என்றான். எல்லாமே என்னுடையதுதான் தம்பி என்றேன். சிரித்தான். நல்ல பையன்தான்.

ஆகஸ்டில் பென்சில்வேனியாவில் ஒரு கல்லூரியில் நாட்டுப்பாடல் விழாவாம். வந்து வாசிக்க வேண்டும் என்கிறான். அண்ணனின் புகைப்படம் கிடைக்குமா என்றும் கேட்கிறான். உங்களிடம் ஏதாவது இருக்கிறதா?

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்
சீஃபஸ்

*

க்ளீவ்லண்ட், ஒஹாயோ
மார்ச் 12, 1964

தம்பி சீஃபஸுக்கு,

உன் கடிதம் இன்று காலை வந்தது. நாங்கள் எல்லோரும் சுகம். ஏரிப்பக்கத்துக் காற்று இன்னும் குறையவில்லை; மூட்டு அதற்கேற்றபடி இருக்கிறது. டீக்கன் பொறுப்பு, சபை வேலை என்று ஹொரஸ் அலைகிறார். வெர்னீஸுக்குப் பள்ளியில் பாடம் நடத்த ஐந்தாம் வகுப்பு கொடுத்திருக்கிறார்கள்.

புகைப்படம் எதுவும் இல்லை. இருந்ததை நான் இங்கே வரும்போதே எரித்துவிட்டேன்.

நீ வாசிப்பது உன் இஷ்டம். ஆனால் இறந்துபோனவரைப் பற்றி அந்தப் பையனிடம் அதிகம் பேசாதே. என் பெயரையும் வெர்னீஸின் பெயரையும் சொல்லாதே. படித்த பையன்கள் ஒன்றைக் கேட்டால் ஒன்பதை எழுதிக்கொள்வார்கள்.

உப்பை நிஜமாகவே குறை.

அண்ணி
ஓஸெல்லா

*

சாலிஸ்பரி
ஏப்ரல் 19, 1964

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஜெபத்தில் நினைத்துக்கொள்கிறேன். இங்கே டாக்வுட் மரம் பூத்துவிட்டது. சலூனில் கூட்டம் பரவாயில்லை.

கெல்லர்மன் மறுபடி வந்தான். இந்தத் தடவை வேறு தட்டுகள். "மிஸ்டர் டாலி, ஒரு வேடிக்கை கேளுங்க" என்று ஒன்றைப் போட்டான். வேட் ஸ்டாம்பர் என்று ஒரு மலைநாட்டு வெள்ளைக்காரர். 1934இல் பதிவு செய்தது. அப்போதெல்லாம் கம்பெனிக்காரர்கள் நம் ஆட்களின் தட்டுகளை ஒரு விலைப்பட்டியல் புத்தகத்திலும் மலைக்காரர்களின் தட்டுகளை இன்னொரு புத்தகத்திலும் போட்டு விற்றார்கள் இல்லையா, இது அந்த இரண்டாவது புத்தகத்தில் வந்ததாம்.

"கட்டைவிரலைக் கவனிங்க. பாட்டுத் திரும்பற எடத்துல கீழ்த்தந்தியை ரெண்டு தடவை அடிக்கிறாரு. லெம் டாலி மட்டுந்தான் அப்படி அடிப்பாரு. இந்த ஸ்டாம்பர் எங்கேயோ உங்க அண்ணன்கிட்டக் கத்துக்கிட்டிருக்காரு. வெள்ளைக்காரங்க நாட்டுப்பாட்டும் உங்க ப்ளூஸும் ஒரே கிணத்துத் தண்ணின்னு நான் சொல்றதுக்கு இது ஒண்ணு போதும்" என்றான். அவனுக்கு ஏக சந்தோஷம்.

பாட்டு எது தெரியுமா? அம்மாவின் கதைப்பாட்டு. மாப்பிள்ளை சாம்பல் குதிரை மேல் ஏறி வருகிறான் என்று ஊரெல்லாம் பாடும். அம்மா யாரிடமோ தப்பாகக் கேட்டுக்கொண்டு சாம்பல் குருவி மேல் ஏறி வருகிறான் என்று பாடுவார். நாங்கள் சிரித்தாலும் மாற்ற மாட்டார். ஸ்டாம்பரின் தட்டிலும் மாப்பிள்ளை குருவி மேல்தான் வருகிறான்.

அந்த வரி முடிந்ததும் பாடுகிறவர் ஒரு சிரிப்பை விழுங்குகிறார். சின்னச் சத்தம். இன்னொரு முறை போடச் சொன்னேன். பையன் போட்டான். பிறகு சலூனை மூடிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வேறு விசேஷம் இல்லை. டீக்கன் ஐயாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

சீஃபஸ்

*

சாலிஸ்பரி
ஜூன் 14, 1964

அன்புள்ள அண்ணிக்கு,

சுகம், உங்கள் சுகத்தைக் கேட்டு எழுதுகிறேன். ஏப்ரலில் எழுதியது கிடைத்ததா? தபாலில் தவறியிருக்குமோ என்று இதை எழுதுகிறேன்.

வேட் ஸ்டாம்பர் உயிரோடு இருக்கிறாராம். கெல்லர்மன் கண்டுபிடித்துவிட்டான். வர்ஜீனியா மலைப்பக்கம் மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கிறார். மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகன், ஷெரிஃப் ஆபீசில் வேலை. ஆகஸ்டு விழாவுக்கு அவரையும் அழைத்திருக்கிறான், அவரும் ஒத்துக்கொண்டார். அச்சடித்த நோட்டீஸ் எனக்கு வந்தது. மேல்பாதியில் அவர் பெயர், கீழ்ப்பாதியில் என் பெயர். அதைச் சலூன் கண்ணாடியில் ஒட்டினேன். மோஸ் பார்த்துவிட்டு, "ஒரே மேடையில வெள்ளைக்காரனோடயா? பண்ணை வேலை உடுப்பு போட்டுக்கிட்டு வரச் சொல்லுவானுங்க பாரு, வயக்காட்டுலேர்ந்து நேரா வந்த மாதிரி" என்றான். உண்மையாகவே அப்படித்தான் எழுதியிருக்கிறான் பையன். என்னிடம் இருக்கும் ஒரே நல்ல உடுப்பு பழுப்பு கோட்டுதான். அதைத்தான் போட்டுக்கொள்ளப் போகிறேன்.

நானும் ஒத்துக்கொண்டேன்.

சீஃபஸ்

*

க்ளீவ்லண்ட்
ஜூன் 26, 1964

தம்பி சீஃபஸுக்கு,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. மே மாதம் முழுவதும் கல்யாணத் தையல் வேலை. உட்கார நேரமில்லை. எல்லோரும் நலம். ஹொரஸின் இருமல் நின்றுவிட்டது.

நீ போக வேண்டாம் என்று நினைக்கிறேன். இந்தக் கோடையில் சாலைகள் நன்றாக இல்லை. மிசிசிப்பியில் நம் ஆட்களின் ஓட்டுரிமைக்காகப் போன மூன்று பையன்களைக் காணவில்லை என்று தினமும் செய்தி சொல்கிறார்கள். பஸ்ஸில் அவ்வளவு தூரம், வெயில், உன் இரத்த அழுத்தம் வேறு. விழாவில் வாசிக்க இளம் பையன்கள் கிடைப்பார்கள்.

இங்கே தக்காளி நன்றாகக் காய்த்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்தது போக மிச்சத்தைப் போத்தலில் அடைக்கிறேன்.

உன் நலம் விரும்பும்
ஓஸெல்லா

*

சாலிஸ்பரி
ஜூலை 5, 1964

அண்ணி,

நான் நலம். நீங்கள் தக்காளியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள்.

அண்ணன் கற்றுக்கொடுத்த மாதிரி வாசிக்கும் ஒருவர், அம்மாவின் குருவியைப் பாடுகிற ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்று எழுதினேன். யார் அவர், என்ன வயது, எப்படி இருக்கிறார் என்று நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த ஒரு வாரமாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். சவரக் கத்தியைத் தீட்டும்போதும் அதே நினைப்புதான்.

அண்ணனின் நிறம் நமக்குத் தெரியும். அம்மாவைப் பெற்ற வெள்ளைக்காரத் தாத்தாவைக் கொண்டு பிறந்தவர். தெரியாத ஊரில் ரயிலேறினால் நடத்துநர் அவரை வெள்ளைக்காரர் பெட்டிக்குப் போகச் சொல்வார். நம்மோடு உட்கார்வதற்காக அவர் வாதாட வேண்டியிருக்கும். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

அன்று படகுத்துறையில் அண்ணனின் கோட்டும் தொப்பியும் கிடந்தன. நான் படகை எடுத்துக்கொண்டு தினமும் ஆற்றில் இறங்கினேன். மூங்கிலால் குத்திக் குத்தித் தேடினேன். நீங்கள் கரையில் வெர்னீஸை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றீர்கள். ஒருநாள், "போதும் தம்பி, இனிமே தேட வேண்டாம்" என்றீர்கள். எனக்கு இருபத்தோரு வயது. துக்கத்தில் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன்.

நான் விழாவுக்குப் போகத்தான் போகிறேன். போவதற்கு முன் நீங்கள் சொல்லிவிடுவது நல்லது.

சீஃபஸ்

*

க்ளீவ்லண்ட்
ஜூலை 25, 1964

தம்பி சீஃபஸுக்கு,

படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு. நான் சுகமாக இருக்கிறேன்.

முப்பதாம் வருஷம் இலையுதிர் காலத்தில் அவர் தனியாக மலைப்பக்கத்து ஊர் ஒன்றுக்கு வேலை தேடிப் போனார். உனக்கு நினைவிருக்கும். அங்கே ஒரு ஹோட்டல் மாடியில் கம்பெனிக்காரர்கள் மலைப்பாட்டுகளைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். வாசலில் இருந்தவன் இவரைப் பார்த்துவிட்டு, "என்ன சார், கித்தாரோட கீழ நிக்கறீங்க, மேல போங்க" என்றானாம். போனார். அம்மாவின் பாட்டுகளைப் பாடினார். பெயர் கேட்டபோது ஆற்றுக்கு அப்பால் ஒரு கடைப் பலகையில் பார்த்த பெயரைச் சொன்னார். அவ்வளவுதான் தொடக்கம். புதுச் செருப்போடு வீட்டுக்கு வந்தார்.

அதற்குப் பிறகு அடிக்கடி போனார். நம் ஆட்களின் தட்டுகளை வாங்க ஆளில்லாத வருஷம் அது. வெள்ளைக்காரர்களின் மர மில்லில் அவருக்கு மேஸ்திரி வேலை கொடுத்தார்கள். எல்லோரும் அவரை மிஸ்டர் என்று கூப்பிட்டார்கள். ஒருநாள் சோள ரொட்டியைப் பிட்டுக்கொண்டே, "ஓஸெல்லா, அங்க நான் தெருவுல நடந்தா யாரும் என்னைப் பாக்கறதில்ல. அது எப்படி இருக்கும்னு உனக்குச் சொல்லத் தெரியல" என்றார்.

நீயும் வா என்று சொல்லவில்லை. சொல்ல முடியாது. என் நிறம் அப்படி, குழந்தையும் என்னைக் கொண்டு பிறந்தவள். "வாரம் ஒரு தடவை வந்துட்டுப் போறேன்" என்றார். வரும் வழியில் யாராவது பார்த்தால் என்ன நடக்கும் என்று கேட்டேன். வெள்ளைக்காரர் என்று நம்பி உட்கார வைத்தவர்கள், இல்லை என்று தெரிந்தால் ஒரு மனிதனை என்ன செய்வார்கள் என்று உனக்கு எழுத வேண்டியதில்லை.

"உயிரோட போனா எல்லாரும் தேடுவாங்க. செத்துப்போயிட்டுப் போங்க" என்றேன்.

கோட்டையும் தொப்பியையும் துறையில் வைத்தது நான்தான். அவர் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். கடிதம் எழுதக் கூடாது, பணம் அனுப்பக் கூடாது, பெயரைச் சொல்லி விசாரிக்கக் கூடாது என்று சொன்னேன். அவர் அப்படியே நடந்துகொண்டார்.

நீ படகில் இறங்கித் தேடியபோது கரையில் நின்று பார்த்தேன். உன்னிடம் சொல்லியிருக்கலாம். நீ நல்லவன், ஆனால் அப்போது குடிப்பாய், குடித்தால் பேசுவாய். அதனால் சொல்லவில்லை.

ஹொரஸுக்குத் தெரியும். திருமணத்துக்கு முன்பே சொல்லிவிட்டேன். ஒரு வாரம் யோசித்துவிட்டு, இனிமேல் அதைப் பற்றிப் பேச வேண்டியதில்லை என்றார். வெர்னீஸுக்குத் தெரியாது.

போவதானால் போ. பார்த்ததை எனக்கு எழுத வேண்டாம்.

ஓஸெல்லா

*

சாலிஸ்பரி
ஆகஸ்ட் 20, 1964

அன்புள்ள அண்ணிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். உடம்பு பரவாயில்லை. உங்கள் கடிதத்தை அடுப்பில் போட்டேன். எழுத வேண்டாம் என்று சொன்னீர்கள். எழுதுகிறேன், வேண்டாமென்றால் இதையும் நீங்கள் அடுப்பில் போட்டுக்கொள்ளலாம்.

புல்வெளியில் மேடை போட்டிருந்தார்கள். மாணவர்கள் கூட்டம் கூட்டமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். முதல் நாள் சாயந்திரம் கெல்லர்மன் என்னைத் தனியாக வாசிக்க வைத்தான். அவரை மறுநாள் காலை, பிடில்காரர்களோடு. மதியம் இருவரையும் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு கெல்லர்மன் மைக் முன் நின்றான். ஒரு பாட்டு எப்படி ஒரு இனத்திலிருந்து இன்னொரு இனத்துக்குப் போகிறது என்று பேசினான்.

அண்ணன் உயரம் குறைந்துவிட்டார். தலை முழுக்க நரை. நல்ல சாம்பல்நிறக் கோட்டு. கித்தாரை மடியில் வைத்துக்கொண்டு எனக்கு ஒரு வணக்கம் சொன்னார், முன்பின் தெரியாதவருக்குச் சொல்வது மாதிரி. நானும் சொன்னேன்.

"இந்தப் பாட்டை எங்கே கத்துக்கிட்டீங்க, மிஸ்டர் ஸ்டாம்பர்?" என்று கெல்லர்மன் கேட்டான்.

"மர மில்லுல. ஒரு கறுப்பு ஆள்கிட்ட."

"பேரு லெம் டாலியா?"

"டாலின்னுதான் ஞாபகம். செத்துட்டாருன்னு அப்புறம் கேள்விப்பட்டேன்."

கெல்லர்மன் என் பக்கம் திரும்பினான். "ஆமா, ஆத்தோட போயிட்டார்" என்றேன்.

"கேக்க வருத்தமா இருக்கு. நல்லா வாசிப்பாரு."

"அவரும் தன்னைப் பத்தி அப்படித்தான் சொல்லிக்குவாரு" என்றேன். கூட்டம் சிரித்தது. அண்ணனும் சிரித்தார்.

பிறகு அம்மாவின் குருவிப் பாட்டை வாசித்தோம். ஒத்திகை கிடையாது. சுருதி சேர்க்கவே இல்லை, இரண்டு கித்தாரும் முன்பே சேர்ந்திருந்தன. முடிந்ததும் கெல்லர்மன், "சின்ன வயசுலேர்ந்து ஒண்ணா வாசிச்ச மாதிரி இருக்கு, இதுதான் நாட்டுப்பாட்டோட அதிசயம்" என்று சொன்னான். நெடுநேரம் கைதட்டினார்கள். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்கள், வாசித்தோம்.

கூடாரத்துக்குப் பின்னால் கொஞ்ச நேரம் தனியாகக் கிடைத்தது.

"இன்னும் மணிக்கட்டை மடக்கித்தான் வாசிக்கறே, சீஃப்" என்றார்.

"யாரும் திருத்தல" என்றேன்.

"அம்மா கல்லறையில புல்லு யாரு வெட்டறது?"

"நான்தான்."

"அவ எப்படி இருக்கா?"

"நல்லா இருக்காங்க. கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க."

"நல்ல ஆளா?"

"குடிக்க மாட்டாரு. வாசிக்கவும் மாட்டாரு."

தலையை ஆட்டினார். "பொண்ணு?"

"டீச்சர்."

"யாரு ஜாடை?"

"அவங்கம்மாதான்."

"ம்" என்றார்.

அவரிடம் சொல்வதற்கென்று சிலவற்றை மனசில் அடுக்கி வைத்திருந்தேன். படகைப் பற்றியும் அதில் இருந்தது. அதற்குள் அவர் மகன் எலுமிச்சைச் சாறு எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். ட்வைட் என்று பெயர். முப்பது வயதுக்குள் இருக்கும், நல்ல உயரம். நம் அப்பாவின் காதுகள்.

"அங்கிள், அருமையா வாசிச்சீங்க. எங்கப்பா இப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல" என்றான். தெற்கில் வெள்ளைக்காரர்கள் வயதான நம் ஆட்களை மிஸ்டர் போட்டுக் கூப்பிட மனமில்லாமல் அங்கிள் என்பார்களே, அந்த அங்கிள்தான்.

"நன்றி, மிஸ்டர் ட்வைட்" என்றேன்.

அண்ணன் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எனக்குக் கைகொடுத்துவிட்டு மகனோடு காருக்குப் போனார்.

இவ்வளவுதான். நீங்கள் என்னிடம் சொல்லாததைப் பற்றி நான் நிறைய யோசித்தேன். நான் அந்தக் காலத்தில் குடித்தது உண்மை.

சீஃபஸ்

*

க்ளீவ்லண்ட்
அக்டோபர் 18, 1964

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வெர்னீஸின் வணக்கம். நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் சுகம். அம்மா உங்களுக்கு இன்னும் பதில் எழுதவில்லை என்று தெரியும். எழுதுவார்.

கெல்லர்மன் என்பவர் எப்படியோ என் விலாசத்தைக் கண்டுபிடித்து, லெம் டாலியின் மகளைச் சந்திக்க வேண்டும் என்று பள்ளிக்கே எழுதிவிட்டார். விழாவில் எடுத்த புகைப்படம் ஒன்றையும் வைத்திருந்தார், உங்களைக் காட்டுவதற்காக. அதை அம்மாவிடம் எடுத்துப் போனேன். அம்மா கீரை நறுக்கிக்கொண்டிருந்தார். படத்தைப் பார்த்தார். "பக்கத்துல இருக்கறது உங்கப்பா" என்றார். மீதியைக் கீரை நறுக்கி முடிப்பதற்குள் சொல்லிவிட்டார். டீக்கன் அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஆசிரியர் மாநாட்டுக்காகப் பள்ளி மூடியிருந்த வெள்ளிக்கிழமை, கணவரைக் காரோட்டச் சொல்லி வர்ஜீனியாவுக்குக் கிளம்பிவிட்டேன். அம்மா தடுக்கவில்லை. வழிக்கு ரொட்டியும் கோழிக்கறியும் கட்டிக் கொடுத்தார்.

சனிக்கிழமை காலை கடையைக் கண்டுபிடித்தோம். அவரைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். அடுப்பைச் சுற்றி நாலைந்து வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். படத்தில் பார்த்தவர் தராசுக்குப் பின்னால் நின்றிருந்தார். வெள்ளைக்காரர்கள் எல்லோரும் வாங்கிப் போகும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும் என்று தெரியும். நின்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். சித்தப்பா, நான் அம்மாவின் சாயல் என்று எல்லோரும் சொல்வார்கள். அம்மாவுக்கு என் வயது ஆனபோது எப்படி இருந்தார் என்று அவர் பார்த்ததில்லை. இப்போது பார்த்தார். கையில் இருந்த அள்ளுகரண்டியைத் தானியத்துக்குள் வைத்தார். முன்னால் நின்ற வாடிக்கையாளரைத் தாண்டி, "சொல்லுங்கம்மா" என்றார்.

அடுப்பைச் சுற்றியிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அந்த ஊரில் அந்த நாற்காலிகளுக்கு நடுவே நம் ஆட்களில் ஒருத்தியை யாரும் அம்மா என்று கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த எதுவும் வரவில்லை. எதிரில் இருந்ததைக் காட்டி, "கோழித் தீவனம் ஒரு மூட்டை" என்றேன்.

மூட்டையை அவரே தூக்கிக்கொண்டு வந்தார். கடைப் பையன் வாங்கிக்கொள்ள வந்தான், கொடுக்கவில்லை. காரின் பின்பக்கத்தைத் திறந்தேன். உள்ளே வைத்துவிட்டு என் கணவரைப் பார்த்தார், வண்டியின் எண் பலகையைப் பார்த்தார்.

"ஒஹாயோவா?"

"க்ளீவ்லண்ட்."

"அங்க கோழி வளக்கறீங்களா?"

"இல்ல" என்றேன்.

அவர் கோட்டில் ஒட்டியிருந்த தவிட்டைத் தட்டிக்கொண்டே இருந்தார். கடை வாசலில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். "பாத்துப் போங்க. மலையில ரோடு ஈரமா இருக்கும்" என்றார். நான் ஏறிக்கொண்டேன். திருப்பம்வரை அவர் உள்ளே போகவில்லை என்று என் கணவர் சொன்னார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கெல்லர்மனுக்கு, எனக்கு அப்பாவைப் பற்றி நினைவு எதுவும் இல்லை என்று பதில் எழுதிவிட்டேன். அது பொய்யில்லை.

அடுத்த கோடையில் உங்களைப் பார்க்க வருகிறேன்.

அன்பு மகள்
வெர்னீஸ்

*

க்ளீவ்லண்ட்
நவம்பர் 29, 1964

தம்பி சீஃபஸுக்கு,

நன்றி சொல்லும் நாள் நல்லபடியாகக் கழிந்தது. வெர்னீஸ் வீட்டார் வந்திருந்தார்கள். உன் உடம்பு எப்படி இருக்கிறது? ஆகஸ்ட் கடிதத்துக்குப் பதில் போடாமல் இருந்துவிட்டேன். அதை அடுப்பில் போடவில்லை.

கோழித் தீவனத்தை ஹொரஸ் சபையில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். ஊருக்கு வெளியே பண்ணை வைத்திருக்கிறார் அவர். எங்கே வாங்கியது, நல்ல தீவனமாக இருக்கிறதே என்று கேட்டாராம்.

படகைப் பற்றி நீ அவரிடம் சொல்ல நினைத்ததை என்னிடம் சொல்லலாம். நான் கேட்டுக்கொள்கிறேன். இங்கே வந்து சொன்னாலும் சரி. முன்னறையில் கட்டில் இருக்கிறது.

விழாத் தட்டை கெல்லர்மன் வெர்னீஸுக்கு அனுப்பியிருந்தான். எங்கள் வீட்டில் கிராமஃபோன் கிடையாது. நேற்று ஹொரஸ் எங்கிருந்தோ ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு வந்து வைத்துவிட்டு, சபையில் வேலை இருக்கிறது என்று போய்விட்டார். சனிக்கிழமை மத்தியானம் சபையில் ஒரு வேலையும் இருக்காது.

உங்கள் பாட்டைக் கேட்டேன். நடனங்களில் நாம் மூவரும் வாசித்த நாட்களில், மூன்றாவது அடிக்குப் பிறகு வருகிற வரி என்னுடையது. அந்த வரியை அவர் என்னை ஒருநாளும் முழுசாகப் பாட விட்டதில்லை. நான் முடிப்பதற்குள் அவசரமாக உள்ளே நுழைந்துவிடுவார். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அதற்காகச் சண்டை போடுவேன். உனக்கும் அலுத்துப்போகும்.

இந்தத் தட்டில் அவர் பொறுமையாக நிற்கிறார். அந்த வரியைப் பாட அங்கே யாருமில்லை. நீயும் நிற்கிறாய். கித்தார் மட்டும் மெதுவாக ஓடுகிறது, ஒரு வரி பாடி முடிக்கிற நேரம். அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து அடுத்த அடிக்குப் போகிறீர்கள்.

அண்ணி
ஓஸெல்லா